சேஸி நம்பரில் குங்குமம்

என் வண்டி என் வண்டிதான் என்று காட்டுவதற்குப் பிரதேச சபைக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்றதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. "எம் பொண்டாட்டிய இன்னாருன்னு காட்டுறதுக்கு டிக்கட் எடுக்கச் சொல்றாங்க பாருங்க" என்று வரிசையில் முன்னால் நின்றவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். கவுண்டரில் இருந்த பெண் சிரிக்காமல் ரசீதைக் கிழித்து நீட்டினாள்.

வண்டி என்றால் த்ரீவீல். நிவித்திகல கடைத்தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஒரு சிங்களவர் ஓட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் வலி வந்து ஓட்ட முடியாமல் போனபோது எனக்குத் தவணைக்குக் கொடுத்தார். ரப்பர் தோட்டத்து ஆள் என்றால் வண்டிக்குக் கடன் கொடுக்கிற லீசிங்காரன் ஆயிரம் கேள்வி கேட்பான். இவர் ஒன்றுமே கேட்கவில்லை. "ஒங்கிட்ட இருந்தா எங்கிட்ட இருக்கிற மாதிரிதானே மல்லி" என்றார். மல்லி என்றால் அவர்கள் பாஷையில் தம்பி. நான் அவரை அய்யே என்பேன், அண்ணன் என்று அர்த்தம். நாங்கள் இருக்கும் தோட்டத்து லய வீடுகளுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர் என்பதால் தமிழை எங்களைப் போலவே பேசுவார்.

சாவியைக் கொடுத்த அன்று டிரைவர் சீட்டைத் தூக்கி, இரும்பில் அடித்திருந்த சேஸி நம்பரைக் காட்டினார். "இதுதான் இவளோட பொறந்த சர்டிபிகேட். பத்திரமா பாத்துக்க." நான் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைக் கழுவி, முன்னால் ஒரு பொட்டு, அந்த நம்பருக்கு ஒரு பொட்டு. ஆயுத பூசைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சந்தனத்தை அப்பி, அதற்கு மேல் குங்குமம். எனக்குச் சோறு போடுகிற வண்டிக்கு அதுதான் நெற்றி என்று எனக்கு ஒரு எண்ணம்.

வண்டியை என் பேருக்கு மாற்றுவதற்குத்தான் இந்தப் பரிசோதனை. பதிவுக் காகிதத்தில் இருக்கும் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். அதற்கு முதல்நாள் தேத்தண்ணிக் கடையில் அய்யேயிடம், "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் மொத ஹயர் ஒங்கள ஏத்திக்கிட்டுத்தான் அய்யே. காசு வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவருக்கும் சந்தோஷம். "சரி மல்லி, ராஜா மாதிரி ஒக்காந்து வாறேன்" என்றார்.

சபை வளவில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. பரிசோதகர் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். எல்லாரும் அவரை மாத்தயா, மாத்தயா என்றார்கள். நானும்தான். சிங்களத்தில் ஐயா என்று மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

என் சீட்டைத் தூக்கினார். டார்ச் அடித்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இந்த நம்பரை யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். மேலே ஏதோ பூசி மறைத்திருக்கிறார்கள். வண்டி எங்கே வாங்கினது?" சிங்களத்தில்தான் கேட்டார். வளவே திரும்பிப் பார்த்தது.

நம்பர் ராவின வண்டி என்றால் களவு வண்டி. பொலிஸ் வரும், வண்டி போகும். பிறகு எனக்கு என்ன இருக்கிறது? மறுபடி ரப்பர் மலையில் பால் வெட்டுவதுதான். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும், அது என் பிறவிக் குணம்.

போனை எடுத்து அய்யேயைக் கூப்பிட்டேன். அவருக்குக் காது மந்தம். கடையில் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் கடை நிறைய ஆள் இருக்கும் என்பதும் தெரியும்.

"மல்லி, முடிஞ்சிச்சா?" என்றார்.

தமிழில் திட்டியிருந்தால் அவருக்கு மட்டும் புரிந்திருக்கும். நான் சிங்களத்தில் திட்டினேன். பரிசோதகருக்குக் கேட்க வேண்டும், நான் ஏமாந்தவன், களவாணி வேறு ஆள் என்று அவர் நம்ப வேண்டும். அதற்காக இல்லாததையும் சேர்த்துக் கத்தினேன். நம்பர் ராவின வண்டியைத் தோட்டத்துக்காரன் தலையில் கட்டிவிட்டாய், நீ ஒரு ஹொரா என்றேன். ஹொரா என்றால் கள்ளன். மறுபக்கத்தில் தேத்தண்ணிக் கிளாஸ் சத்தம் நின்றுபோனது எனக்கே கேட்டது.

"வாறேன்" என்று மட்டும் சொன்னார்.

பஸ் பிடித்து வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்க்காமல் நேரே வண்டிக்குப் போய், வலிக்கிற முழங்காலை மடக்கிச் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நம்பர் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தார். பரிசோதகரிடம் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டார்.

துணியை நனைத்து ஊறவைத்ததும் பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்தது. மஞ்சள், சந்தனம், குங்குமம், எத்தனையோ வெள்ளிக்கிழமை. இரும்பில் ஈரம் தங்கி, அதன் அடியில் துரு பிடித்திருந்தது. ராவினதாகத் தெரிந்தது அந்தத் துருதான். பரிசோதகர் மேலே காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். நம்பர் மங்கலாக, ஆனால் ஒன்று விடாமல் வந்தது. பதிவுக் காகிதத்தில் இருந்த அதே நம்பர்.

"சாமி கும்பிட்டே நம்பரைத் தின்றுவிட்டாயே" என்று பரிசோதகர் சிரித்தார். வளவில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அய்யே மட்டும் சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த சிவப்பைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை பார்த்ததற்கு மறுபடி கட்டணம் கட்டச் சொன்னார்கள். வாய் திறக்காமல் போய்க் கட்டினேன். இன்னும் நாலு மடங்கு கேட்டிருந்தாலும் கட்டியிருப்பேன், அந்த வளவில் அவருக்கு எதிரே நிற்காமல் இருக்க எனக்கு ஒரு வேலை கிடைத்ததே.

"ஏறுங்க அய்யே, கடையில விடுறேன்" என்றேன். ஏறினார். எப்போதும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கியரை மாத்து, பள்ளத்தைப் பாரு என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார். அன்று பின் சீட்டின் மூலையில் சாய்ந்து, வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். மன்னிச்சிருங்க என்று கேட்க நினைத்தேன். பயந்துபோய்க் கத்தின ஒருத்தனை அவர் மன்னித்திருப்பார். ஆனால் நான் யாருக்குக் கேட்க வேண்டும் என்று அப்படிக் கத்தினேன் என்பதையும் அவர் புரிந்துகொண்டிருந்தார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

கடைத்தெருவுக்கு ஒரு வளைவு முன்னாலேயே, "இங்கயே நிப்பாட்டுங்க" என்றார். கடை வாசலில் என் வண்டியிலிருந்து இறங்க அவர் விரும்பவில்லை. அங்கே எல்லாரும் நான் திட்டினதைக் காதால் கேட்டவர்கள்தானே.

இறங்கிச் சட்டைப் பையைத் தடவினார்.

"எவ்வளவு ஆச்சு, மாத்தயா?"

குத்தலாகக் கேட்கவில்லை. முன்பின் தெரியாத டிரைவரிடம் எல்லாரும் கேட்பது போலத்தான் கேட்டார். வேண்டாம் அய்யே, வேண்டாம் என்று கையைப் பிடிக்கப் போனேன். அவர் காசைப் பின் சீட்டில் வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து போனார்.

நான் சொன்னபடியே, பரிசோதனை முடிந்த வண்டியில் முதல் ஹயர் அவருடையதுதான். அவர் காசு கொடுத்துவிட்டார்.