அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரியாமல் ஒரு குக்கர்கூட விசில் அடிக்காது. சரி, இது கொஞ்சம் ஜாஸ்திதான். எங்கள் தெருவரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் எதிர்வீட்டுத் தையல்காரர் பச்சமுத்து விடியற்காலை ஐந்து மணிக்குப் பூனை மாதிரி கிளம்புவதை முதலில் பார்த்தது நான். ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து வழிய, காலைத் தேய்த்துத் தேய்த்து வருவார். கண் சிவந்திருக்கும்.

"எங்கப்பா போய்க்கினு வர?"

"சும்மாதான் ஆயா."

ஐம்பது வயது ஆளுக்குச் சும்மா வேர்க்குமா?

அவர் மனைவி வளர்மதிக்கும் அந்தச் 'சும்மா' பிடிக்கவில்லை. முன்பு அவர் குடித்தவர். கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்துக் கொத்தாகச் சாவு விழுந்த அந்த வருஷம், சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணி நிறுத்தினார். "மறுபடி வாயில வெச்சீங்க, பாரதியைக் கூட்டிக்கினு திருநாவலூருக்கே போயிடுவேன்" என்று அப்போதே சொல்லியிருந்தாள். திருநாவலூர் அவள் அம்மா வீடு. பாரதி ஒரே மகள். வளர்மதி சொன்னால் செய்கிறவள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடையிலிருந்து அவருடைய அளவு நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். ஜாக்கெட் அளவுகளுக்கெல்லாம் பின்னால், கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்து: 'திங்கள் 4 ரவுண்டு. செவ்வாய் பெட்டி. புதன் 6 ரவுண்டு. வியாழன் பெட்டி. வெள்ளி ரெஸ்ட். சனி பாண்டி. ஞாயிறு முறுக்கு.'

"பாருங்க ஆயா! நாலு ரவுண்டாம், ஆறு ரவுண்டாம். பெட்டி பெட்டியா வாங்கறாரு. சனிக்கிழம பாண்டிச்சேரி சரக்கு!"

"முறுக்குன்னு போட்டிருக்கேடி?"

"தொட்டுக்கத்தான்! நாளைக்கே சனிக்கிழம. கண்ணால பாத்துட்டு நேரா பஸ் ஏறிடறேன்."

மறுநாள் இருவரும் பின்னாலேயே போனோம். கல்வராயன் மலைப் பக்கம் இன்னும் இருட்டு விலகவில்லை. சந்தை மைதானத்தில் வேறு ஆள் கிடையாது. பச்சமுத்து நாலு பக்கமும் திருடனைப் போலப் பார்த்தார். குச்சியால் மண்ணில் கட்டம் போட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓட்டுச் சில்லை வீசி, ஒற்றைக் காலில் தாவ ஆரம்பித்தார்.

பாண்டி! பாவாடை கட்டிய வயசில் நாங்கள் ஆடினோமே, அதே நொண்டியாட்டம்.

"இன்னாங்க இது?" என்று வளர்மதி போட்ட சத்தத்தில் அவர் தூக்கிய காலோடு அப்படியே நின்றுவிட்டார்.

"சக்கர இருக்குதுன்னுட்டாங்க வளரு. மிஷினுக்கு மோட்டார் வெச்சதுலேர்ந்து காலுக்கு வேலையே இல்ல. ரவுண்டுன்னா இந்த மைதானத்த சுத்தறது. பெட்டின்னா அயர்ன் பெட்டி. வலது கை கத்திரி புடிச்சே கெட்டியாயிடுச்சி, இடது கை சோப்ளாங்கி, அதால தூக்குவேன். முறுக்குன்னா இடுப்ப இப்படியும் அப்படியும் முறுக்கறது. வெறும் நடை மூணாம் நாளே சலிச்சிப்போச்சி. அதான் ஒரு நாளு பாண்டி. சனிக்கிழம எப்ப வரும்னு இருக்குது."

"வூட்டுல சொன்னா இன்னா?"

"பொம்பளைங்களுக்கு ஜாக்கெட் தைக்கறவன் பாண்டியும் ஆடறான்னு ஊரு சிரிக்காதா?"

வளர்மதி பஸ் ஏறவில்லை. 'அந்த நிமிஷமே புருஷனை முழுசாக நம்பிவிட்டாள்' என்று இந்தக் கதையை எழுதி முடித்து, அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

"தப்பு ஆயா. கட்டத்துக்குள்ளாறவே நிக்க வெச்சி, வாய ஊதச் சொல்லி, மோந்து பாத்துட்டுதான் நம்பனேன். இன்னிக்கி காலையிலயும் மோந்தேன். அதையும் எழுதுங்க."