அவசரம் லேது

தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஐதராபாத்தில் வாழ்வது ஆபத்து. ஐடி வேலைக்காக நாகர்கோவிலிலிருந்து வந்த எனக்கு அது தெரியாது.

மெட்டுகுடாவுக்கு அருகே எங்கள் தேவாலயத்தில் தெலுங்குச் சபையும் தமிழ்ச் சபையும் ஒரே கட்டடத்தில் ஆராதிக்கின்றன. அவர்கள் பெருங்கூட்டம், நாங்கள் கைப்பிடியளவு. இரண்டுக்கும் ஒரே நிர்வாகக் குழு அமைக்கும் பேச்சு வந்தபோது, தமிழர்களுக்குத் தனி இடம் உண்டா என்று கேட்டேன். “அவசரம் லேதம்மா” என்றார் தெலுங்குச் சபையின் செயலர். நிதானமாகப் பேசலாம் என்கிறாராக்கும் என்று நினைத்துச் சிரித்துத் தலையாட்டினேன். பக்கத்திலிருந்த செல்வராணி அக்கா முழங்கையால் இடித்தார். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் ரயில்வே குடும்பம் அவருடையது; ஐதராபாத் உருது கலந்த அவர் தமிழில் ‘ஏன்’ என்பது ‘கைக்கு’, ‘ஆமாம்’ என்பது ‘ஹவ்’.

“கைக்கு தலையாட்டின? நமக்குத் தனி இடம் தேவையில்லன்னு சொல்றாரு, நீயும் ஹவ்ங்கிற! இனி தலைய எண்ணித்தான் எல்லாம். நம்ம காலை ஆராதனைய மத்தியானத்துக்குத் தள்ளிடுவாங்க!”

ஊரில் எங்கள் சபையைத் தமிழ்ச் சபை என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை. சிறு கூட்டமாக இருப்பதன் பயத்தை அன்றுதான் அறிந்தேன்.

வீட்டில் வந்து புலம்பினேன். பத்தாம் வகுப்புப் படிக்கும், என்னைவிட வேகமாகத் தெலுங்கைப் பிடித்துக்கொண்ட மகள் ஜெனி துள்ளி எழுந்தாள். “சேம் ப்ராப்ளம் அம்மா!” அமெரிக்க அரசியலமைப்பு உருவான கதையைப் பள்ளியில் விவாதமாக நடத்துகிறார்கள், அவள் ஒரு சின்ன மாநிலத்தின் பிரதிநிதி. பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டன, சின்னவை சம இடம் கேட்டன. கூட்டம் கலைந்துவிடும் என்ற நிலையில் இரண்டு அவைகள் வைத்துச் சமாதானமானார்கள். ஒன்றில் மக்கள்தொகைப்படி, மற்றதில் மாநிலத்துக்கு இருவர். “ரெண்டூ ஒப்புக்கோவாலி, அப்புடே சட்டம்” என்று முடித்தாள். இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் சட்டமாம்.

அடுத்த ஞாயிறு சபைக் கூட்டத்தில் எழுந்து, முதலில் என் தலையாட்டலின் கதையைச் சொன்னேன். செயலரே வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கேட்டேன்: பெரிய குழு தலைக்கணக்குப்படி இருக்கட்டும், அதோடு சபைக்கு இருவராக ஒரு சிறு குழு, ஆராதனை நேரத்தை மாற்ற இரண்டும் சம்மதிக்க வேண்டும்.

“இத்தனை பேருக்கும் ரெண்டு, அத்தனூண்டுக்கும் ரெண்டா?” என்றார் தெலுங்குப் பாடகர் குழுத் தலைவர்.

“மற்றதிலெல்லாம் நீங்கதான் ஜெயிப்பீங்க அண்ணா. எங்க காலை வேளைய மட்டும் எங்களக் கேக்காம எடுக்காதீங்க.”

அவர் யோசித்தார். “அது நியாயம்தான்” என்றார்.

எல்லோரையும் சபைவாரியாகப் பிரிந்து நின்று, ஆதரித்தால் கை உயர்த்தச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் கைகள் எழுந்தன. தமிழில் ஞானஸ்நானம் பெற்று, தெலுங்குப் பாடகர் குழுவில் பாடும் ஜெனி மட்டும் நடுப்பாதையிலேயே நின்றாள். “நுவ்வு ஏ வைப்பும்மா?” எந்தப் பக்கம் என்று கேட்டார் செயலர். அவள் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு பக்கமும் அவளை எண்ணிக்கொண்டார்.