சொல்லாமல் வந்த தண்ணீர்

திருமழிசைக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, பெரிய சாலையை விட்டு வடக்கே உள்ளடங்கி அல்லிப்பாக்கம் என்று ஒரு சின்ன ஊர். இரண்டாவது உலகச் சண்டை மூளுவதற்கு நாலைந்து வருஷம் முந்தி அந்த ஊரில் வேம்புலியம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. புருஷன் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லை. தம்பி வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள மனமில்லாமல், புருஷன் விட்டுப்போன மல்லிகைத் தோட்டத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். நெடுநெடுவென்று உயரம், கணீரென்ற குரல். கிணற்றடியில் கவலை இறைக்கும் மாடுகளைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஓட்டிக்கொண்டு அவள் போடும் அதட்டல் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்.

விடிவதற்குள் மொக்கைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, பூந்தமல்லியில் அப்துல் கையூம் பாயின் பூமண்டிக்கு அனுப்பிவிடுவாள். அங்கிருந்து ஜட்கா வண்டியில் பட்டணத்துக்குப் போகும். பட்டணத்துக்காரர்களுக்கு எவ்வளவு பூ போனாலும் போதவில்லை. அதனால் ஊரில் நெல் போட்டவர்களெல்லாம் மல்லிகை போட்டார்கள். மல்லிகை போட்டவர்களெல்லாம் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். ஒருவன் தோண்டினால் பக்கத்துக் கிணற்றில் ஊற்று இறங்கும், அவன் கோபத்தோடு இன்னும் கீழே தோண்டுவான். மழையும் மூன்று வருஷமாகச் சரியில்லை. ஏரி மண் மேடிட்டு, ஆடு மேயும் திடலாகக் கிடந்தது. வேம்புலியின் கிணற்றில் தண்ணீர் மொள்ளும் சால் தரையில் இடித்துச் சேறோடு மேலே வந்தது. வேரோடு காய்ந்த செடிகளைப் பிடுங்கி அவள் அடுப்பெரித்தாள்.

"ஏரி நெறைஞ்சா கெணறு தானா ஏறும். ஏரிக்குத் தண்ணி எங்க?" என்பதுதான் எல்லோருடைய பேச்சும்.

தண்ணீர் கூவம் ஆற்றில் இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் ஆறு கரைபுரண்டு வேலப்பன்சாவடிப் பக்கமாகக் கடலுக்கு ஓடிவிடும். மேற்கே சில மைல் தள்ளி ஆற்றங்கரையில் ஒரு மதகு வைத்து, அங்கிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தால் ஏரியை நிரப்பலாம். சர்க்காரிடம் மனு போட்டார்கள். உத்தரவு வந்தது, ஆனால் செலவு முழுக்கப் பாத்தியப்பட்ட குடிகளே போட்டுக்கொள்ள வேண்டும் என்றிருந்தது.

ஆண்கள் கூடிப் பேசி, காணிக்கு இவ்வளவு என்று முடிவு செய்யும்போதே சண்டை வந்து கலைந்தார்கள். வேம்புலிதான் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். தன் கைக்காப்புகளை முதலில் கழற்றி, விற்றுக் காசாக்கச் சொல்லிப் பாயிடம் கொடுத்தாள். பிறகு வீடு வீடாக, ஊர் ஊராகப் போனாள். ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட வீடுகளில் பெண்கள் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டு மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தார்கள். கால்வாய் போகும் வழியில் இருந்த மேலூர்களிலும் கேட்டுப் பார்த்தாள். "எங்க நெலத்துல ஒரு சொட்டு பாயாது, நாங்க இன்னாத்துக்குக் குடுக்கணும்?" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

மாசியில் வெட்டத் தொடங்கி ஆடிக்குள் கால்வாய் முடிந்தது. மழை வரும்வரை அது மணல் விரித்த வெறும் பள்ளமாகக் கிடந்தது.

ஐப்பசியில் ஆறு ஏறியது. மதகைத் திறக்க நாள் குறித்தார்கள். பாயின் மண்டியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, தண்டோரா போடுகிற வரதன் வாசலில் நின்று கேட்டான்.

"மேலூர் வரிக்கும் போய் அடிக்கணுமா? ரொம்ப தூரமாச்சே."

வேம்புலி வெற்றிலையைக் கிழித்தபடியே சொன்னாள்: "துட்டு குட்த்த ஊருக்கு அடிச்சா போதும்பா. அவங்களுக்கு இன்னாத்துக்கு?"

அவ்வளவுதான். பாய் தலையாட்டினார். பேச்சு பந்தல், பொங்கல் என்று போய்விட்டது.

திறந்த அன்று ஊரே ஏரியின் வாயில் காத்திருந்தது. முதலில் காய்ந்த சருகு சரசரவென்று நகர்ந்தது. அதன் பின்னால் நுரையும், எறும்புத் திரளும், தண்ணீர்ப் பாம்பும், பழுப்பு நிறத் தண்ணீரும் வந்தன. பெண்கள் குலவை இட்டார்கள். பூவை அள்ளி அள்ளி எறிந்தார்கள். வேம்புலி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து ஊரார் பார்த்ததில்லை.

வெயில் மேற்கே சாய்ந்த நேரத்தில் ஏதோ வந்து அவள் முழங்காலில் முட்டியது. துணிமூட்டை என்று நினைத்துக் கையால் தள்ளினாள். அது புரண்டது.

பெண் குழந்தை. ஆறு வயது இருக்கலாம். தலை நிறைய மண். ஒரு கையில் பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று, கீறல்கூட இல்லாமல் இருந்தது.

முன்சீப் வந்தார், பூந்தமல்லியிலிருந்து போலீஸ்காரர்கள் வந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது, மேற்கே போகும் தடமெல்லாம் அறுந்துபோனது. மறுநாள் ஏரிக்கரை ஓரத்தில் குழந்தையைப் புதைத்தார்கள். யாராவது தேடி வந்தால் அடையாளம் காட்ட வேண்டுமே என்று வேம்புலிதான் அந்த வளையலைக் கழற்றி வைத்துக்கொண்டாள்.

ஏரி நிறைந்தது. கொஞ்ச நாளில் கிணறுகள் ஏறத் தொடங்கின. காலையில் கண்ணில் பட்ட கிணற்றுப் படி மாலையில் தண்ணீருக்குள் இருக்கும். ஜனங்கள் ஒருவர் கிணற்றை ஒருவர் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

வேம்புலி மட்டும் தன் கிணற்றருகே போகப் பயந்தாள். சத்தமில்லாமல் மண்ணுக்கடியில் ஊர்ந்து வந்து ஏறுகிற அந்தத் தண்ணீர், எதையோ தூக்கிக்கொண்டு தன்னைத் தேடி வருவதுபோல அவளுக்கு இருந்தது. கவலை ஓட்டும்போது, மேலே வந்த ஒவ்வொரு சால் தண்ணீரையும் வாய்க்காலில் கவிழ்ப்பதற்கு முன் குனிந்து உள்ளே பார்த்தாள். பார்க்காமல் ஒன்றையும் கொட்டவில்லை. மாடுகள் நின்று நின்று சலித்தன. வாய்க்கால் ஓரமாகக் காலை வைத்தால் முழங்காலில் அந்த மெல்லிய முட்டல் மறுபடி வரும்.

மல்லிகையோ அந்த வருஷம் பூத்ததுபோல எப்போதும் பூத்ததில்லை. கூடை கூடையாகப் போனது. மண்டிக்கு வந்தவளை அப்துல் கையூம் பாய் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா அம்மா, இப்படி எளைச்சுட்டீங்க?"

"பாய், அந்தப் புள்ள எங்கேர்ந்து வந்துது?"

பாய் பூவைக் கையிலிருந்து கீழே வைத்தார். "தண்ணி எங்கேர்ந்து வந்துதோ அங்கேர்ந்துதான் வந்திருக்கும். அதையே நெனைச்சுகினு இருக்காதீங்க. நம்ம கையில இன்னா கீது?"

"என் வாயில இருந்துது பாய்," என்றாள் அவள்.

மழை விட்டதும் கால்வாய்க் கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தாள். வழியில் இருந்த ஊர்களில் வளையலைக் காட்டிக் கேட்டாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மதகுக்குக் கொஞ்சம் இப்பால், ஏழெட்டுக் குடிசைகள் இருந்த பனந்தோப்பு என்ற இடத்தில், ஒரு பெண் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். ராஜம்மா என்று பேர். வேம்புலி வளையலை நீட்டினாள். ராஜம்மாவின் கை ஓலையிலேயே நின்றுவிட்டது.

வளையலை வாங்கித் திருப்பிப் பார்த்து, "எங்க கெடச்சுது?" என்றாள்.

"எங்க ஊரு ஏரில."

"ஏரிலயா? நாங்க ஆத்துல தேடினோமே. அவ ஆடு ஓட்ற குச்சி ஆத்தங்கரையிலதான் கெடந்துது. வேலப்பன்சாவடி வரிக்கும் கரையெல்லாம் தேடினோமே!" அவள் குரல் உயரவில்லை. "கால்வாயில வெறும் மணலுதானே இருந்துது. எங்க புள்ளைங்க அதுலதான் வெளையாடும். அதுல நடந்துதான் அப்பனுக்குக் கூழு எடுத்துகினு போவும். அன்னிக்கு அதுல தண்ணி வரும்னு யாரும் சொல்லலியே."

வேம்புலி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சொல்ல வேணாம்னு சொன்னது நான்தான். துட்டு குட்த்த ஊருக்குச் சொன்னா போதும்னுட்டேன்," என்றாள்.

ராஜம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். ராஜம்மா கேட்டது வேறு.

"உங்க ஊரு கெணத்துல தண்ணி ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"நெறையவா?"

"நெறைய."

"பச்சையம்மான்னு பேரு அவளுக்கு," என்று சொல்லிவிட்டு ராஜம்மா எழுந்து முந்தானையை உதறினாள். "வா. நான் பாக்கணும்."

இருவரும் நடந்து அல்லிப்பாக்கம் வந்தார்கள். ஏரிக்கரையில் அந்த மண்மேட்டின் மேல் ராஜம்மா முகம் குப்புறக் கிடந்தாள். பிறகு கிணற்றைக் காட்டச் சொன்னாள். பூத்துக் குலுங்கிய செடிகளுக்கு நடுவே வந்து, கிணற்றை எட்டிப் பார்த்தாள். ஒரு சால் இறைக்கச் சொன்னாள். வேம்புலி, பழக்க தோஷத்தால், அதற்குள் குனிந்து பார்த்தாள். ராஜம்மா அவளைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் அள்ளி, மூச்சு வாங்க வாங்கக் குடித்தாள். வயிறு நிறைந்தும் குடித்தாள்.

விஷயம் ஊரில் பரவி, பாய் நாலு பேரோடு வந்து சேர்ந்தார். ஊர்ப் பொதுவிலிருந்து ஏதாவது கொடுத்துவிடுகிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒண்ணும் வேணாம்," என்றாள் ராஜம்மா. "அடுத்த தபா தொறக்கறப்போ முன்னாடியே வந்து சொல்லுங்க. அதுக்குத் துட்டு ஆவாதில்ல?"

அன்றிலிருந்து வேம்புலியம்மாளின் வாழ்க்கையில் அது ஒன்றே காரியமாக நின்றுவிட்டது. பிற்பாடு ஊரார் வரதனை மதகு வரைக்கும் அனுப்பத் தயாராக இருந்தார்கள். அவள் விடவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும், மதகு திறப்பதற்கு முந்தின நாள், வெறும் கால்வாய்க்குள் இறங்கி மணலில் மேற்கே நடப்பாள். இரு பக்கமும் உள்ள குடிசைகளைப் பார்த்து, "நாளைக்குத் தண்ணி வருது! புள்ளைங்கள இஸ்துகினு போங்க!" என்று கத்துவாள். ஒரு வீட்டுக்காரர் பதில் சொல்லாவிட்டாலும் கரையேறிப் போய்க் கதவைத் தட்டுவாள். குரல் வருஷத்துக்கு வருஷம் உடைந்தது. பிள்ளைகள் அவளைக் கண்டாலே பயந்து கரைக்கு ஓடினார்கள். பனந்தோப்பில் ராஜம்மா கூழ் கொடுப்பாள்.

தோட்டத்தில் அவள் முன்போல இல்லை. செடிக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினாள், பிழைப்பாயிற்றே. குடிப்பதற்கு மட்டும் வாசலில் பானைகள் வைத்து மழைத் தண்ணீரைப் பிடித்தாள். கோடையில் தீர்ந்துபோனால் பூந்தமல்லிக்கு நடந்து, பாய் வீட்டில் ஒரு குடம் வாங்கி வருவாள். ஏன் என்று பாய் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

உலகச் சண்டை வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் புழுதி கிளப்பின. பனந்தோப்புக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அங்கே கூலி வேலைக்குப் போய்விட்டன. ராஜம்மாவின் புருஷனும் போனான். அவள் மட்டும் குடிசையை விட்டுப் போக மறுத்துவிட்டாள்.

அந்த வருஷம் வேம்புலிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. தடி ஊன்றிக்கொண்டு கால்வாயில் நடந்தாள். முந்தின நாள் தூறல் போட்டு மணல் படிந்திருந்தது. பனந்தோப்பை நெருங்கும்போது, தனக்கு முன்னால் மணலில் சின்னப் பாதங்கள் பதிந்து மேற்கே போவதைப் பார்த்தாள். ஈரம் மாறாத புதுத் தடம்.

"யாரும்மா அது? ஏறி வா! நாளைக்குத் தண்ணி வருது!" என்று கத்தினாள். பதில் இல்லை. தடியை வீசிவிட்டு விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். சத்தம் கேட்டு ராஜம்மா கரைக்கு வந்தாள்.

"எந்தக் கொயந்த எறங்கிச்சு?"

"இங்க ஏது கொயந்த? எல்லாந்தான் ஆவடிக்குப் போயிடுச்சே," என்றாள் ராஜம்மா. பிறகு மணலைப் பார்த்தாள். மெதுவாக உள்ளே இறங்கினாள்.

இருவரும் தடத்தின் ஓரமாக, அதை மிதிக்காமல், அதன் பின்னாலேயே போனார்கள். தடம் எங்கும் கரையேறவில்லை. நேராக மதகு வரைக்கும் போயிற்று. மதகுப் பலகைக்கு நெருக்கமாக, இரண்டு பாதமும் சேர்ந்து பதிந்திருந்தன. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. பலகைக்கு அந்தப் புறம் ஆறு இரைந்துகொண்டிருந்தது.

மதகுக் காவல் ஆனந்தன் காலையிலிருந்து ஒரு குழந்தையும் வரவில்லை என்று சத்தியம் செய்தான். மூவரும் புதர் புதராகத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. வேம்புலி வீடு திரும்பவில்லை. ராஜம்மாவோடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் திறக்கிற வேளையில் தடம் அப்படியே இருந்தது. ஆனந்தன் திருகுக் கம்பியில் கை வைத்தபடி கேட்டான்: "தொறக்கலாமா?"

வேம்புலியால் வாய் திறக்க முடியவில்லை. அவன் இன்னொரு முறை கேட்டான்.

ராஜம்மா கால்வாய்க்குள் எட்டிப் பார்த்து, "ஏறிக்கோம்மா," என்றாள். கொஞ்சம் பொறுத்தாள். பிறகு அவனைத் திரும்பிப் பார்த்து, "தொற," என்றாள்.