வாசற்படியின் கீழ் ஊறிய தண்ணீர்

தேதி சொல்லித் தொடங்கும் தரிசனங்கள் எனக்குப் பிடிக்கும். பாபிலோனில் சிறையிருந்த வேதாகமத் தீர்க்கதரிசி புது ஆலயத்தைக் கண்டது, அவருடைய ஜனம் சிறைப்பட்ட இருபத்தைந்தாம் வருடம். ஒருவன் கையில் கோலோடு நின்று வாசல், மதில், அறை என்று ஒவ்வொன்றாக அளக்கிறான். ஆலயத்தை இழந்தவர்களுக்கு, இன்னும் கட்டாத ஆலயத்தின் அளவு சொல்லப்படுகிறது. உங்களுக்கு ஓர் இடம் உண்டு என்பதுதான் அத்தனை அளவுகளுக்கும் பொருள் என்பார் அப்பா.

அப்பா மலையில் கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் சில குடும்பங்களுக்காக ஒரு தகரக்கூரைக் கோயில் கட்டியிருந்தார். மட்டக்கம்பால் அளந்து கட்டியது. கொழுந்து எடுக்கும் பெண்கள் செடிமேல் படுக்கவைத்து மட்டம் பார்ப்பார்களே, அந்தக் கம்பு. "தீர்க்கதரிசி பாத்ததும் கோல்தானே" என்பார். வாசலைக் கிழக்கே வைத்தார்.

தேயிலை விலை விழுந்த பிறகு ஃபாக்டரியை மூடினார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு வீடாகத் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். எனக்கும் அங்கே பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அம்மா இல்லை, மூச்சிரைப்புக்காரரான அப்பாவைத் தனியே விட்டுப் போக முடியாது. மழை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

மழை முடிந்தது. கோயில் வாசற்படியின் கீழே தண்ணீர் ஊறத் தொடங்கியது.

அந்தத் தரிசனமும் அங்கேதான் போய் முடிகிறது. ஆலயத்தின் படிக்குக் கீழே கசியும் தண்ணீர் கிழக்கே ஓடுகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழமாகிறது. போய்ச் சேரும் செத்த கடலில் மீன் துள்ளுகிறது.

"நாம கப்பலேறி வந்து எத்தன வருசம்?" என்று அப்பா கேட்டார்.

நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தைந்து.

"அப்ப நான் வரல்ல."

டீக்கடை அக்காவுக்கு இது நல்ல தீனி. "ஏனுங்க உபதேசியாரே, உங்க கோயில் தண்ணி தேயிலைக்கு வெல ஏத்துமாங்க?"

"ஏத்தும்மா. மொதல்ல நீ டீயில தண்ணியக் கொறச்சு ஊத்து."

கடையே சிரித்தது. அப்பா அப்படிப் பேசிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் மெல்லச் சொன்னேன்: "அப்பா, லயத்துக்குப் போற பைப்பு அடியில ஒடஞ்சிருக்கு. அந்தத் தண்ணி அது."

"பைப்புல வந்தா அது ஆண்டவர் தண்ணி இல்லயா?"



திருப்பூர் கம்பெனியிலிருந்து இரண்டு முறை ஆளிடம் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் எஸ்டேட்டில் தண்ணீர் பம்பை நிறுத்திவிட்டார்கள். லயத்துக் குழாய்கள் காய்ந்தன. ஒரு ஞாயிறு காலை ஜெபத்துக்குப் போனபோது படியின் கீழே சேறு வெடித்துக் கிடந்தது. அப்பா குனிந்து அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல அப்படியே வைத்திருந்தார். அன்று பிரசங்கம் இல்லை. பாட்டோடு முடித்துக்கொண்டார்.

"பஸ்ஸு எத்தன மணிக்குன்னு பாரு" என்றார்.

பழைய ஆலயத்தைவிட்டு ஆண்டவருடைய மகிமை புறப்பட்டதையும் அதே தீர்க்கதரிசி கண்டிருக்கிறார். அது ஒரேயடியாகப் போகவில்லை. வாசற்படியில் நின்றது, கிழக்கு வாசலில் நின்றது, நகரத்துக்குக் கிழக்கே மலைமேல் போய் நின்றது. "கோவிச்சிக்கிட்டுப் போறவரு இப்பிடி நின்னு நின்னா போவாரு?" என்று அப்பா பிரசங்கங்களில் கேட்பார்.

கிளம்பிய அன்று கோயிலைப் பூட்டிவிட்டுப் படியில் நின்றார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். பிறகு எஸ்டேட் கேட்டில் நின்றார். தகரக்கூரை கடைசியாகக் கண்ணில் படும் மேட்டு வளைவில் மறுபடி நின்றார். மூச்சிரைப்பு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கீழே பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் பெட்டியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

போன மகிமை கிழக்கு வாசல் வழியாகவே திரும்பி வந்ததையும் தீர்க்கதரிசி கண்டார். அப்பா திருப்பூரில் அடுத்த பனிக்காலம்வரை உயிரோடு இருக்கவில்லை. வளைவில் அவர் நின்றதுவரைக்கும்தான் நான் கண்டது.