வெயிலில் நிறுத்திய கார்

உச்சிவெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடிக்குமே, வெந்த ரெக்சினும் டீசலும் முன்தினத்துச் சவாரி விட்டுப்போன மல்லிகைச் சரமும் கலந்த ஒரு வாடை, அது எனக்கு அம்மாவின் வாடை. காரை ஓட்டியவர் அப்பாதான். ஆனால் மத்தியான வேளைகளில் அந்தச் சூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டவள் அம்மா, அவள் அப்படி உட்கார நேர்ந்ததற்குக் காரணம் நான் என்பதுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

திண்டிவனத்தில் வாடகை வீடு. அப்பா சொந்தமாக ஒரு வெள்ளை அம்பாசிடர் வைத்து டாக்சி ஸ்டாண்டில் ஓட்டினார், அம்மா வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால், செஞ்சிப் பக்கத்தில் தான் பிறந்த ஊரின் மாதா கோயில் பாடகர் குழுவில் அவள் "செகண்ட் வாய்ஸ்" பாடியவள். எல்லோரும் பாடும் மெட்டுக்குக் கீழே தனியாக ஒரு மெட்டில் போகிற குரல் அது. திண்டிவனத்துக்கு வந்தபிறகு பூசையில்கூட அவள் வாய்திறந்து பாடி நான் கேட்டதில்லை.

ரவிக்கை தைக்கக் கொடுக்க வரும் கோட்டகுப்பத்து ரஹமத் அக்காதான், வளைகுடாவில் வேலை செய்த தன் கணவர் அனுப்பிய சேட்டிலைட் ரேடியோவைப் பற்றி முதலில் சொன்னவர். "அது வானத்துலேர்ந்து நேரா வருதுக்கா. வெளம்பரம் கெடையாது, கொரகொரப்பு கெடையாது. ஒங்க கோயில் பாட்டுக்குன்னே தனியா ஒரு சேனல் இருக்கு, நாலு கொரல்ல பாடறாங்க" என்றார். அன்று சாயங்காலம் அம்மா மிஷினை நிறுத்திவிட்டு அப்பாவிடம் போய், அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டாள். அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

அப்பா மறுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே என்னையும் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்று வீட்டுக்கு: மேசையில் வைக்கிற பெட்டி, கூடவே சன்னலில் வைக்க ஒரு தட்டை ஆன்டெனா. மற்றொன்று காருக்கு: கையகல செட்டு, நீல விளக்கு, கூரைமேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் குட்டி ஆன்டெனா. "வீட்டுக்குன்னா கெழக்கால வானம் தெரியணும் சார். தெரியலன்னா மாடிக்கு ஒயர் இழுத்துக்கலாம்" என்றார் கடைக்காரர். எங்கள் சன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர்தான், ஆனால் மாடி இருந்தது. அப்பாவின் கை என்னவோ அந்த நீல விளக்குப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஸ்டாண்டிலேயே வேறு எந்த வண்டியிலும் இல்லாத ஒன்று! நானும் அந்த விளக்கைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்பது உண்மை. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா என் தலையில் கைவைத்து, "பாப்பாவுக்கு இதான் புடிச்சிருக்கு. இதையே மாட்டிக் குடுங்க" என்றார்.

திரும்பும்போது கிளியனூர்ப் பக்கம் புளியமரங்கள் குறுக்கிட்ட இடமெல்லாம் பாட்டு அறுந்து அறுந்து வந்தது. அதுகூட எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்ற அம்மா, பெட்டி எங்கே என்று பின்சீட்டில் தேடினாள். "நான் வீட்டுக்குதான் வாங்கறதா இருந்தேன். புள்ள காருக்குதான் வேணும்னு அழுது பொரண்டுச்சு. கடைக்காரன் முன்னாடி ஒரே பேஜாராப் பூடுச்சு" என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகம் வாடியதும், வாடிய முகத்தை அவளே சரிசெய்துகொண்டதும் எனக்குத் தெரிந்தது. "சரி உடுங்க. கொழந்ததான ஆசப்பட்டுச்சு" என்று என் கன்னத்தைத் தடவினாள். நான் அழவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். மறுநாள் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டோடு பள்ளிக்கூடம் போகும் ஆசை என் வாயை அடைத்துவிட்டது.

அந்த வருடம் எனக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குவது. அதற்குமுன் செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா சொன்ன பொய் யார் கணக்கில் சேரும் என்று நாள்கணக்காகக் குழம்பி, கடைசியில் சாமியாரிடம் "பொய் சொன்னேன்" என்று முடித்துக்கொண்டேன். அவர் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். வெளியே வந்தபிறகுதான், நான் எங்கே பொய் சொன்னேன், இப்போது சொன்னதுதானே பொய் என்று உறைத்தது. திரும்பவும் வரிசையில் போய் நிற்க வெட்கமாக இருந்தது.

காரில் மாட்டியது வீட்டுக்குப் பாடாதா என்ன என்று அப்பா கேட்டதை அம்மா அப்படியே எடுத்துக்கொண்டாள். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறபோது கார் எப்போதும் வேப்பமர நிழலில்தான் நிற்கும். நிழலில் ரேடியோ எடுக்காது. "ஏங்க, வண்டிய கொஞ்சம் வெயில்ல நிறுத்துங்க" என்பாள். "சீட்டு கொதிக்கும்டி, பேட்டரி வேற எறங்கிடும்" என்பார். "கொதிச்சா கொதிக்கட்டும்." ஊக்கு வைக்கவேண்டிய ரவிக்கைகளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் முன்சீட்டில் உட்காருவாள். நான் ஒருநாள் தண்ணீர்ச் சொம்போடு கிட்டே போனபோதுதான் கேட்டேன், ரேடியோக் குரல்களுக்குக் கீழே தாழ்வாக ஒரு குரல், அம்மாவுடையது. முதுகெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கிடக்க, ஊசியை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். "ஒன் புண்ணியத்துல இதாவது கேக்கறேன் பாப்பா" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

அப்பாவுக்கும் உறுத்தியிருக்கவேண்டும். சாப்பிட்டு முடித்ததும் ஜல்தியாக ஸ்டாண்டுக்கு ஓடுகிற மனிதர், பாயை விரித்துப் படுத்துத் தூங்க ஆரம்பித்தார். தூங்குகிறவர் கால் ஆட்டமாட்டார் என்பது எனக்கே தெரியும். அம்மா கேட்கட்டும் என்று எத்தனையோ சவாரி அப்படிக் கைவிட்டுப் போயிருக்கும். வீட்டுக்கும் ஒன்று வாங்கிவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்த ரேடியோக் கம்பெனி ஒருநாள் கடையைக் கட்டிவிட்டது. விஷயம் தெரியாமல் அப்பா ஆன்டெனாவை இடம் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார், மைதானத்துக்கு ஓட்டிப்போய் வட்டமடித்துப் பார்த்தார். நீல விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை. அம்மா அதற்குப்பிறகு மத்தியானத்தில் வெளியே வரவில்லை.

இன்று அந்தக் கார் இல்லை, அப்பாவும் இல்லை. சேட்டிலைட் ரேடியோ என்று ஒன்று இருந்ததாகச் சொன்னால் என் பிள்ளைகள் என்னைக் கேலியாகப் பார்க்கிறார்கள். அம்மா என்னோடு விழுப்புரத்தில் இருக்கிறாள். போன கல்லறைத் திருநாளன்று அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திண்டிவனத்திலிருந்து நானே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பினேன். போனில் ஏதோ ஒரு பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. அம்மா கேட்டாளே தவிர, கூடப் பாடவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டு வரிசையில் நின்றபோது, இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, "அம்மா, அந்த ரேடியோ வாங்கனப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"அத ஏன் இன்னும் மனசுல வச்சிக்கினு இருக்க?" என்றாள் அம்மா. "நீ ஆசப்பட்டேன்னுதான் உட்டேன். ஒங்கப்பாரு ஆசப்பட்டு வாங்கியாந்திருந்தாருன்னா, அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டு வாங்கன்னு அனுப்பி இருப்பேன். அந்த மனுஷன்கிட்ட நான் வேற இன்னா கேட்டேன்? பாவம், அவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. அவள் சேலையில் மெழுகு இன்னும் ஒட்டியிருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "கடையில ரொம்ப அடம் புடிச்சேன், இல்ல?"