கலீஜ் பாயின் பீப்பாய்கள்

நடுப்பலகையை நெம்பி எடுத்துவிட்டு, அப்துல் வஹாப் படகின் வயிற்றுக்குள் தலையை நுழைத்துக் காது கொடுக்கிறார். அடியில் கசிந்து தேங்கிய தண்ணீர் இருட்டுக்குள் அசைகிறது. நாய் நக்கிக் குடிப்பதுபோல ஒரு சத்தம். "பேசுது" என்கிறார், யாரிடம் என்றில்லாமல். பிறகு கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றி, வாளியைப் பின்பக்கம் தூக்கிப்போய்ப் பீப்பாயில் சாய்க்கிறார். கால்வாய் அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. கையைக் கொஞ்சம் திருப்பினால் வேலை முடிந்தது. அவர் திருப்புவதில்லை.

பின்பக்கம் இரண்டு பீப்பாய்கள் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கும். ஒன்று அடித்தண்ணீருக்கு, மண்ணெண்ணெய்த் தகரங்களின் ஒழுகலும் அழுகிய வெங்காயமும் சேர்ந்து அது தார் மாதிரி இருக்கும். மற்றது பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு. அதற்கும் அப்பால், சாக்குத் திரைக்குப் பின்னால், மூடி போட்ட தகர டின் ஒன்று. பக்கத்தில் சாம்பலும் சுண்ணாம்பும். அது எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நெட்டுக்குப்பத்தைத் தாண்டி, ஓதம் ஏறாத ஒரு மேட்டில், குடிதண்ணீர் ஊற்றுகளுக்கு எட்டாத இடத்தில் குழி வெட்டி வைத்திருக்கிறார். எல்லாம் அங்கேதான் போகும். மேலே சுண்ணாம்பு, அதற்கு மேலே மண்.

தண்டையார்பேட்டையில் மளிகைச் சாமான் ஏற்றி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர், காட்டுப்பள்ளி என்று கரையோரக் குப்பங்களில் விற்றுவிட்டுத் திரும்புவது அவர் பிழைப்பு. ஐம்பது வயது இருக்கலாம். காதில் அத்தர் பஞ்சு. ஆனாலும் எதைக் குடிப்பதானாலும் முதலில் மோந்து பார்ப்பார், டீயைக்கூட. எதிரே வரும் உப்புப் படகுக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கலீஜ் பாய்.

"இன்னா கலீஜ் பாய், சரக்கு புல்லா?" என்று கூவுவார்கள்.

"புல்லுதான் நைனா. ஒனக்கு ஒரு கிளாஸ் ஊத்தட்டா?" என்பார். பீப்பாயின் மூடியைத் தட்டியும் காட்டுவார்.

போன மார்கழியில் காட்டுப்பள்ளி வரை அவருடைய படகில் போனேன். டீ குடித்த டம்ளரை அலம்பிக் கால்வாயில் ஊற்றப்போன என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. வலிக்கும் பிடி.

"இன்னா சார் நீ! அது எங்க போவும்னு நெனச்சே?"

"கடலுக்கு" என்றேன்.

"போவும். வத்தத்துல போவும், ஏத்தத்துல திரும்பி வரும். வரசொல்ல சும்மா வராது சார். ஆளத் தேடிக்கினு வரும்."

சிரிக்கலாமென்று பார்த்தேன். கோல் போட்டுக்கொண்டிருந்த ஜெயவேல் சிரிக்கவில்லை. வஹாபுடன் வெகுகாலமாகப் படகு தள்ளுகிற ஆள் அவர். வாட்டசாட்டமானவர், எதற்கும் பயப்படாதவர் என்று பார்த்தவுடனே தோன்றும். டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, அந்த ஒரு வாய்த் தண்ணீரைப் பீப்பாயில் கொட்டிவிட்டு வந்தார்.

வஹாப் முன்பக்கம் போனதும், அதற்கு முந்திய வருஷத்து ஐப்பசியில் நடந்ததை ஜெயவேல்தான் சொன்னார். மழையில் சடையங்குப்பம் முழுகிவிட்டது. கூரைமேல் உட்கார்ந்திருந்தவர்களை இவர்கள் படகில் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்றப் படகு தாழ்ந்தது. விளிம்புக்கும் வெள்ளத்துக்கும் நடுவே விரற்கடை இடைவெளிதான். ஜெயக்கொடி என்ற பெண்ணின் கைக்குழந்தைக்கு வேறு வாந்தியும் பேதியும். டின்னும் நிறைந்துவிட்டது, பீப்பாய்களும் நிறைந்துவிட்டன.

"யோவ் பாய், அந்தப் பீப்பாயத் தள்ளுய்யா தண்ணில! சனம் முழுவப் போவுது!" என்று ஆண்கள் கத்தினார்கள். ஒருவன் கயிற்றை அவிழ்க்கவே போய்விட்டான்.

வஹாப் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். எதிரே கோயில் மேட்டில் இன்னொரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. கிணறெல்லாம் முழுகிப்போன ஊர். அவர்கள் குனிந்து, காலடியில் ஓடிய வெள்ளத்தையே சொம்பில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவுங்க இன்னா குடிக்கிறாங்கோன்னு பாத்தியா? இப்ப தள்ளு, பாக்கலாம்."

அவன் கயிற்றை விட்டுவிட்டான். ஆனால் படகு தாழ்ந்துகொண்டேதான் இருந்தது. அப்போது வஹாப் தம் சரக்கைத் தள்ள ஆரம்பித்தார். முதலில் அரிசி மூட்டைகள். அப்புறம் வெல்லம், பருப்பு. கடைசியில் மிளகாய் மூட்டையின் வாய் அவிழ்ந்துகொண்டது. பழுப்பு வெள்ளத்தின்மேல் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பாக மிளகாய் மிதந்து போனதாம். படகிலிருந்தவர்கள் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே நினைத்தார்கள். ஜெயக்கொடி மட்டும் குழந்தையின் துணியைப் பிழிந்த தண்ணீரை ஒரு சட்டியில் பிடித்து, மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

குழந்தை பிழைத்தது. கோயில் மேட்டில் யாருக்கும் பேதி வரவில்லை. வஹாப் மறுபடி கடனில்லாமல் சரக்கெடுக்க ஒரு வருஷமாயிற்று.

"ஏன் இப்படி?" என்று ஜெயவேலைக் கேட்டேன்.

"அவரையே கேளு சார்" என்று கோலைத் தண்ணீரில் ஊன்றினார்.

சாயங்காலம் எண்ணூருக்கு முன்னால் படகைக் கட்டி, அடுப்பு மூட்டியபோது கேட்டேன். வஹாப் மீன் தேய்த்துக்கொண்டிருந்தார். செதிலைச் சட்டியில் தட்டிக்கொண்டே சொன்னார்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியான வருஷம். கால்வாய் முழுக்கப் படகு, படகு முழுக்க ஜனம். வஹாபும் மனைவி சபீஹாவை ஏற்றிக்கொண்டு காட்டுப்பள்ளியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். அவர்களுக்கு முன்னால் கூண்டு போட்ட ஒரு படகு போயிற்று. யார் எவர் என்று தெரியாது. கூண்டுக்குள்ளிருந்து அடிக்கடி ஒரு கை மட்டும் வெளியே வரும். பெண்பிள்ளைக் கை, பச்சைக் கண்ணாடி வளையல். ஒரு குண்டானைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விடும்.

"உள்ள யாருக்கோ வாந்தி பேதின்னு எனுக்குத் தெரியும் சார். மோந்தாலே தெரியுமே. ஒரு கொரலு குடுத்திருக்கலாம். பொம்பளயாச்சே, இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன். பின்னால பாக்குறேன், எம்பொஞ்சாதி அதே தண்ணில தட்டு கழுவிக்கினு கீறா."

மறுநாள் அஸ்தமிப்பதற்குள் சபீஹா இறந்துவிட்டாள். காட்டுப்பள்ளி மணலில் அடக்கம் செய்தார்கள். திரும்பி வருகையில் எண்ணூர்க் கழியின் ஓரத்தில், புதருக்குள் அந்தக் கூண்டுப் படகு சொருகிக் கிடந்தது. வஹாப் ஏறிப் பார்த்தார். அடுப்பின்மேல் கஞ்சி இருந்தது. பாய் விரித்திருந்தது. ஆள் ஒருவரும் இல்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தக் குப்பத்திலும் யாருக்கும் தெரியவில்லை.

"அந்த வளையல்காரி இன்னும் ஊத்திக்கினுதான் கீறா" என்றார் வஹாப். "பனி எறங்குனா கேக்கும்." செதில் கழுவிய தண்ணீரைப் பீப்பாய்க்கு எடுத்துப்போனார்.

மறுநாள் விடியலில் கழியை அடைந்தபோது பனி இறங்கியிருந்தது. முன்னால் ஜெயவேல் நிற்பதே தெரியவில்லை. கோல் மட்டும் மேலே வந்து வந்து மறைந்தது. காற்றில்லை. உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு பறவைகூடக் கத்தவில்லை. தண்ணீர் அசையாமல், அலுமினியத் தகடு போலக் கிடந்தது.

அப்போது கேட்டது. சளக்.

யாரோ ஒரு பாத்திரத்தைத் தண்ணீரில் கவிழ்த்த சத்தம். எங்களுக்கு நேர் முன்னால், கூப்பிடு தூரத்தில். மீன் துள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மீன் துள்ளினால் கண்ணாடி வளையல் கலகலக்காது.

ஜெயவேல் கோலை நிறுத்திவிட்டார். முன்னாலிருந்து அலை வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, படகின் மூக்கை மெல்லத் தட்டின. அவற்றோடு ஒரு வாடையும் வந்தது. நோயாளி படுத்திருக்கும் அறையின் வாடை. சின்ன வயதில் எங்கள் தெருவில் காலரா வந்தபோது அறிந்த வாடை, மறக்கக் கூடியதல்ல.

வஹாப் எழுந்தார். சமையலுக்கு வைத்திருந்த குண்டான்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, சாமான்களைத் தாண்டி முன்பக்கம் நடந்தார். படகின் மூக்கில் மண்டியிட்டுக் குண்டானை இரண்டு கையாலும் பனிக்குள் நீட்டினார்.

"யம்மா" என்றார். அதட்டல் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசும் குரல். "ஊத்தாதேம்மா. பின்னால குடுத்தனக்காரங்கோ வராங்கோ. இப்டி குடு, நான் பாத்துக்கறேன்."

இரண்டாம் சளக் கேட்கவில்லை. வஹாபின் நீட்டிய கைகள் சட்டென்று கொஞ்சம் தாழ்ந்தன. பாரம் வைத்தால் கை தாழுமே, அப்படி. அவர் குண்டானை மெதுவாக உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போலாம்" என்றார். ஜெயவேல் கோலை ஊன்றினார்.

வெயில் ஏறிப் பனி கலைந்தபோது கழி முகத்துவாரம் வரை வெறுமையாகக் கிடந்தது. ஒரு படகு இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு திருப்பமும் இல்லை. நான் எட்டிக் குண்டானைப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. அடியில் நேற்று சாம்பலால் துலக்கிய கோடுகள் உலர்ந்து தெரிந்தன. நான் பார்ப்பதை வஹாப் கவனித்தார்; மூடியை எடுத்து மூடிவிட்டார்.

நெட்டுக்குப்பத்தைத் தாண்டிப் படகைக் கட்டியதும், பீப்பாய்களை ஜெயவேலிடம் விட்டுவிட்டு அவர் குண்டானை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். சேற்றில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்தார். முழங்கைகள் விறைத்திருந்தன. நான் எதிரே நின்றேன். "தள்ளு சார், தெறிச்சிடப்போவுது" என்றார். தள்ளி நின்றேன், வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

குழியோரம் குந்தி, மூடியைத் திறந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு குண்டானைச் சாய்த்தார். வடியும் வரை காத்திருந்தார். பிறகு கடைசிச் சொட்டும் விழட்டும் என்று, அடிப்பாகத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.