பத்தூல் குழிக்குள் இறங்கிய நாள்

எங்கள் ஊருக்கு நிவாரண வண்டியில் வருகிறவர்கள் முதலில் கேட்பது பத்தூல் வீடு எது என்றுதான். வந்து உட்கார்ந்து இஞ்சி போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, அவளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னையும் கேட்பார்கள். நான் அவளுடைய ஓரகத்தி. பதினெட்டு வருஷமாக ஒரே முற்றத்தில் குடித்தனம். "தங்கமான பொண்ணு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். மிச்சத்தை இப்போது சொல்கிறேன்.

என் கொழுந்தன் தாஜுஸ்ஸிரைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்குச் சோளக்களி கிண்டத் தெரியாது. கட்டி கட்டியாகக் கிண்டிவைப்பாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்படிப்பட்டவள், ஓடை பெருகிய வருஷம் வீடு வீடாகப் போய், "மண்வெட்டி எடுத்துட்டு வாங்க, கரையை உசத்தியே ஆகணும்" என்று ஊரையே கூட்டுவேலைக்கு அழைத்தாள். அழைத்த வீடுதான் வேலைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். கிண்டியது யார்? நான். மூன்று நாள், அறுபது பேருக்கு. புகையில் கண்ணே அவிந்துபோனது.

வெள்ளம் வந்தது, கரை நின்றது. "பத்தூல் இல்லேன்னா ஓடையோட போயிருப்போம்" என்று ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. களி நன்றாக இருந்தது என்று ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, தானியக் குழி. என் பிறந்த வீட்டார் அதில் பேர்போனவர்கள். விளைந்த வருஷத்தில் களிமண் தரையை ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி, உமி பரப்பி, சோளத்தைக் கொட்டி, மண் குவித்து மூடுவோம். மழை பொய்த்தால் திறப்போம். கரை காப்பாற்றியது வீடுகளைத்தான். வெளியே பள்ளத்தில் இருந்த குழிகள் எல்லாம் நனைந்து, சோளம் முளைவிட்டு நாறியது. உடனே இவள், "இனிமே குழியே வேணாம். மேடை கட்டி மூட்டையில வைப்போம்" என்றாள். ஊர் தலையாட்டியது. மேட்டில் நான் மூடிய குழி மட்டும் நனையவில்லை. அதை யார் நினைத்தார்கள்?

அப்புறம் இரண்டு வருஷம் தொடர்ந்து மழை இல்லை. மேடை காலியானது. எலும்பும் தோலுமான ஆடுகளைக் கதாரிஃப் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளினோம். பத்தூல் வந்தாள்.

"அக்கா, மேட்டுக் குழியில எவ்வளவு இருக்கும்?"

"பாதிக் குழி. இருபது மூட்டை தேறும்."

"அல்லா உனக்கு நல்லது செய்யட்டும்! நாளைக்கே தொறந்துடுவோம்."

நாளைக்கேயாம்! எப்படித் திறப்பது என்று ஒரு வார்த்தை கேட்டாளா?

வருஷக்கணக்கில் மூடிய குழிக்குள் சோளம் காற்றைத் தின்றுவிடும். காலையில் வாயைத் திறந்தால் மதியத் தொழுகை வரை விட்டுவைக்க வேண்டும். அப்புறம் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். அவசரப்பட்டு இறங்கிய என் சித்தப்பாவைப் பிணமாகத்தான் தூக்கினோம்.

மறுநாள் காலையில் பெண்கள் எல்லோரும் சாக்கோடு வந்துவிட்டார்கள். குழி வாயைத் திறந்து இரண்டு சுற்றுக் காப்பி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. "காத்தாட விட்டாச்சு, போதும்" என்று சொல்லி, பத்தூல் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். மறுமுனையை என் புருஷன் பகீத் பிடித்துக்கொண்டார்.

"அவளே மொதல்ல எறங்கட்டும். ராசியான கை" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

ராசியாம்! குழி நான் மூடியது, ராசி மட்டும் அவளுக்கா? மயங்கி விழட்டும், எல்லார் முன்னாலும் மூக்கு உடையட்டும், அப்புறம் என்னிடம்தானே ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். சித்தப்பா முகம் கண்முன் வந்தது. வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பத்தூல் குழி விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் உடம்பில் சுற்றியிருந்த தோப் துணியின் தலைப்பைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறங்கினாள். "கூடையை எறக்குங்க" என்று குரல் வந்தது. கூடை போனது. அப்புறம் ஏதோ சொன்னாள், நாக்குக் குழறியது. அப்புறம் சத்தமே இல்லை.

"இழுங்க! அய்யோ, இழுங்க! உள்ள மூச்சு கெடையாது!" என்று அப்போதுதான் கத்தினேன். நானும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. வெளியே வந்தவளின் உதடு நீலம்பாரித்திருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்தோம், நெஞ்சைத் தேய்த்தோம். என் உயிர் போய்ப் போய் வந்தது. கடைசியில் இருமினாள்.

மதியத் தொழுகைக்கு அப்புறம் நானே விளக்கை இறக்கிப் பார்த்து ஆட்களை இறக்கினேன். இருபத்திரண்டு மூட்டை வந்தது. அடுத்த மழை வரை ஊர் அதைத்தான் தின்றது. பெண்கள் என் தலையில் முத்தம் கொடுத்தார்கள். "ரவ்தா கத்தலேன்னா பத்தூல் போயிருப்பா" என்று கிணற்றடியில், கடைத்தெருவில், எங்கே பார்த்தாலும் என் பேச்சுதான். அடுத்த முறை வண்டியில் வந்தவர்களிடம் பத்தூலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் உசுரு இவ குடுத்தது" என்றாள். இத்தனை வருஷம் ஏங்கியது கைக்கு வந்தது. ஒரு வாய் களி தொண்டையில் இறங்கவில்லை.

ஒருநாள் முற்றத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, சீறிவிட்டேன்.

"ஏண்டி, எறங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டா என்ன, கொறஞ்சா போயிடுவே?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கேக்கலாம்னுதான் அக்கா நிமிந்து பாத்தேன். நீ பேசாம நின்னே. தப்பா இருந்தா நீ என்னை எறங்க விடுவியா என்ன? அதான் தைரியமா எறங்கிட்டேன்."

இன்றைக்கும் அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.